மூன்று அச்சு, இரண்டு ராடு: மாதிரி எஞ்சின் சட்டத்தை ஜிக்கில் கோப்பது

கிருஷ்ணகிரி நகருக்கு இன்றைக்கு ரயில் கிடையாது. ஆனால் 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து அங்கே ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இன்னொன்று வந்தது. அது பிறகு ஓசூர் வரை நீண்டு, 1941-ல் நின்றுபோனது. இரண்டு பாதைகளிலும் தண்டவாள இடைவெளி இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. நம் பக்கத்தில் மாதிரி ரயில் செய்ய இறங்குகிறவர்களுக்கு இந்த அளவு வசதியாக அமைந்திருக்கிறது. 762-ஐ 48-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15.9 வரும். உலகில் மிகப் பரவலாக விற்கும் மாதிரித் தண்டவாளமும் சக்கரமும் 16.5 மி.மீ. ஆகவே 1:48 அளவில், கைக்கு அடங்கும் பருமனான எஞ்சினை அந்தச் சக்கரங்களின் மேலேயே உட்காரவைத்துவிடலாம். இரண்டரை அடிப் பாதைகளை இப்படிச் செய்வதற்கு ஓஎன்30 என்றே ஒரு பெயர் இருக்கிறது.

ஆனால் எடுத்த எடுப்பில் மொரப்பூர்ப் பாதை எஞ்சினை அச்சு அசலாகச் செய்யக் கிளம்ப வேண்டாம். முதல் வேலைக்கு மூன்று அச்சு, ஆறு சக்கரம், வெளியே சிலிண்டர் எதுவும் தெரியாத ஒரு சிறு ஷண்டிங் எஞ்சின் (நிலையத்தில் பெட்டிகளை இழுத்துத் தள்ளி மாற்றும் எஞ்சின்) போதும். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் கிட்டாக இருக்கலாம், நீங்களே தகடு வெட்டிச் செய்வதாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை அதன் அடிச்சட்டத்தை மட்டும்தான் பேசுகிறது. மேற்கூடு கொஞ்சம் கோணினால் புட்டி பூசி, பெயிண்ட் அடித்துச் சமாளிக்கலாம். சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. மூன்று அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக, சட்டத்துக்குச் செங்குத்தாக, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதோடு அச்சுக்கு அச்சு உள்ள தூரமும், அவற்றைப் பிணைக்கும் கப்ளிங் ராடில் உள்ள துளைக்குத் துளை தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் 0.1 மி.மீ. பிசகினால்கூட எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முக்கும்.

கடைசியாகச் சொன்ன பொருத்தம்தான் புதியவர்களைக் கவிழ்ப்பது. வரைபடத்தைப் பார்த்துச் சட்டத்தில் துளை போடுகிறார்கள், அதே வரைபடத்தைப் பார்த்து ராடிலும் துளை போடுகிறார்கள், இரண்டும் பொருந்தும் என்று நம்புகிறார்கள். பொருந்தாது. இரண்டு தனித்தனி அளவீட்டில் இரண்டு தனித்தனிப் பிழை வந்தே தீரும். பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் ஜிக் என்ற சாதனம் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. ராடையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, சட்டத்தில் அச்சு எங்கே உட்கார வேண்டும் என்பதை ராடே முடிவு செய்யும்படி விட்டுவிடுகிறது. ராடு வரைபடத்தைவிட 0.2 மி.மீ. நீளமாகவே இருந்தாலும் சட்டம் அதற்கேற்ப அமையும், எஞ்சின் ஓடும். வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறவர் யாரும் இல்லை.

ஜிக் என்றால் என்ன என்பதை இப்போது சொல்லிவிடலாம். அதன் உயிர்ப்பகுதி மூன்று போலி அச்சுகள். நடுவில் உண்மை அச்சின் விட்டமே இருக்கும். இரு முனைகளும் மெலிந்து, ராடின் துளைக்குள் இறுகலாக நுழையும். இவற்றைச் சட்டத்தில் உள்ள புஷ்களின் (அச்சு உள்ளே சுழலும் சிறு உலோக வளையங்களின்) வழியே செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் ராடை மாட்டினால், ராடின் துளைகள் மூன்று அச்சுகளையும் தங்கள் தூரத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் புஷ்ஷைச் சட்டத்தோடு சால்டர் வைத்துவிட வேண்டியதுதான். நகரும் தூண்கள், திருகுகள் வைத்த அலுமினிய ஜிக்குகளை வெளிநாட்டில் விற்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்தால், ஒரு எஞ்சின் செய்து பார்க்க நினைப்பவருக்கு அது தேவையில்லாத செலவு. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியில் இருப்பவருக்கு இன்னும் தேவையில்லை.

தட்டையான பரப்பு

முதலில் தட்டையான ஓர் அடித்தளம் வேண்டும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் கிரானைட் பட்டறைகளைத் தாண்டாமல் போக முடியாது. பாலிஷ் செய்த கறுப்புக் கல்லின் வெட்டித்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு அடிக்கு முக்கால் அடி இருந்தால் தாராளம். தொழிற்சாலைகளில் அளவு பார்க்க வைத்திருக்கும் மேசைகளும் கிரானைட்தான். ஆனால் அவை தட்டைக்கென்றே தேய்த்து எடுத்தவை. பட்டறைத் துண்டு பளபளப்புக்காகத் தேய்த்தது, பளபளப்பு வேறு, தட்டை வேறு. அதனால் இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் பார்த்து, வெளிச்சம் கசியாத இடத்தை மார்க்கரால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கை இரண்டு அகலம் கிடைத்தாலே வேலை நடக்கும். கல் அமையாவிட்டால் கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. கண்ணாடி வாங்கி, விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். சூடான சால்டரிங் அயர்னை அதன்மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள், விரிசல் விடும்.

இந்தப் பரப்பின்மேல் வைக்க, ஒரே உயரமுள்ள இரண்டு சதுரக் கட்டைகள் தேவை. அலுமினியக் கதவு ஜன்னல் செய்பவர்களிடம் கிடக்கும் சதுரக் குழாயில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு துண்டுகள் சரியாக இருக்கும். வெர்னியரால் இரண்டின் உயரத்தையும் பல இடங்களில் அளந்து பாருங்கள். இவை எதற்கு என்பது ஜிக்கில் ஏற்றும்போது தெரியும்.

லேத் பட்டறையில் சொல்ல வேண்டியது

போலி அச்சுக்குக் கம்பி வாங்குவதற்கு முன் உங்கள் சக்கரத்தோடு வந்த உண்மை அச்சை அளந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் கிட்டுகளில் பெரும்பாலும் 3.175 மி.மீ., அதாவது எட்டில் ஒரு அங்குலம். மற்றவற்றில் 3 மி.மீ., 2 மி.மீ. என்று மாறும். அந்த விட்டத்தில் சில்வர் ஸ்டீல் கம்பி வாங்கி, 75 மி.மீ. நீளத்தில் மூன்று துண்டு வெட்டுங்கள். முனைகளைக் கிராங்க் பின்னின் (சக்கரத்தில் ராடு மாட்டும் சிறு முளையின்) அளவுக்குக் கடைய வேண்டும், நுனியை நோக்கி லேசாகக் கூம்ப வேண்டும்.

சின்ன வேலை என்று லேத்துக்காரர் மூன்று தாடைச் சக்கில் பிடித்து இரண்டு நிமிடத்தில் முடித்துத் தந்துவிடுவார். அங்கேதான் கவனம். மூன்று தாடைச் சக்கு கம்பியை மிகச் சரியான மையத்தில் பிடிப்பதில்லை. அதில் கடைந்த முனை கம்பியின் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும், திருப்பிப் பிடித்துக் கடைந்த மறுமுனை வேறு பக்கம் தள்ளி நிற்கும். அந்த ஜிக் பிழையைத் தீர்க்காது, பிழையை உண்டாக்கும். எனவே “காலெட்டில் பிடிச்சுக் கடைஞ்சு குடுங்கண்ணே” என்று கேளுங்கள். காலெட் என்பது கம்பியைச் சுற்றிலும் சமமாக இறுக்கி மையத்தில் பிடிக்கும் பிளவுக் குழல். ஓசூரில் டூல்ரூம் வேலை எடுக்கும் பட்டறைகளில் காலெட் இல்லாமல் இருக்காது. லாரி, பைக், கைக்கடிகாரம் என்று பெரிய ஆலைகள் இருக்கும் ஊர், நூறில் ஒரு பங்கு மி.மீ. என்றால் அங்கே யாரும் விழிக்க மாட்டார்கள். “பொம்மை ரயிலுக்கா?” என்று சிரிப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வாங்கும்போதே சோதித்துவிடலாம். தட்டையான பரப்பில் கம்பியை உருட்டி, முனையை மட்டும் கவனியுங்கள். முனை மேலும் கீழும் ஆடினால் அந்தத் துண்டு வேண்டாம்.

பட்டறைக்குப் போகும் அதே பயணத்தில் மூலைமட்டம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். தச்சருடையது வேண்டாம், ஃபிட்டர் வைத்திருக்கும் சிறிய எஃகு மூலைமட்டம். சால்டரிங் அயர்ன் 60 வாட் அளவில், தட்டை நுனியோடு இருக்கட்டும். ரேடியோ பழுதுபார்க்கும் 25 வாட் அயர்னின் சூட்டைப் பித்தளை உறிஞ்சிவிடும், சால்டர் மணிமணியாக உருண்டு நிற்கும். இவையெல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கவே இருக்கிறது. சால்டர் சாதாரண 60/40 போதும், 190 டிகிரிக்குள் உருகிவிடும்.

முதலில் ராடு

சட்டத்தைத் தொடுவதற்கு முன் ராடை முடியுங்கள். தகடு வெட்டிச் செய்வதானால் இரண்டு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சால்டர் வைத்து ஒட்டி, ஒரே தடவையில் துளையிடுங்கள். வலது ராடும் இடது ராடும் ஒன்றுபோலவே அமைய இதுதான் வழி. முதலில் 1 மி.மீ. துளை, பிறகு டேப்பர் ரீமரால் (துளையைச் சுரண்டி அகலமாக்கும் கூம்பு வடிவக் கருவியால்) கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தல். போலி அச்சின் முனை ஆட்டமில்லாமல் நுழையும் வரைதான் அகலப்படுத்த வேண்டும். ஓடுவதற்குத் தேவையான தளர்வைச் சட்டம் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஜிக் வேலை நடக்கும்போது ராடு தளர்ந்திருந்தால், அளவுகோலே ரப்பராகிவிடும். பிரிக்கும்போது எது வலது, எது இடது, எது முன்பக்கம் என்று உள்பக்கம் கீறிவையுங்கள். பிறகு ஞாபகம் இருக்காது.

சட்டம்

இரண்டு பக்கச் சட்டங்களையும் இதேபோல் ஒட்டி வைத்து, அரம் போட்டு ஓரங்களை ஒன்றாக்குங்கள். அச்சுத் துளைகளை, ஒட்டி வைத்த ராடையே மாதிரியாக மேலே வைத்துக் குறிக்கலாம். அந்தத் துளை புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிட 0.2 அல்லது 0.3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். துல்லியமாகத் துளையிடத் தெரிந்தவருக்கு இது மனம் ஒப்பாது. ஆனால் புஷ் நகர இடம் இருந்தால்தான் ஜிக்கால் அதைத் தன் இடத்துக்குக் கொண்டுபோக முடியும். இறுகலான துளை ஜிக்கோடு மல்லுக்கட்டும், போலி அச்சு வளையும், சால்டர் ஆறியதும் எல்லாம் தெறித்துத் திரும்பும்.

அச்சுகள் மேலும் கீழும் அசையும்படி செய்யும் முறைகள் பல இருக்கின்றன, தண்டவாளத்தை நன்றாகப் பற்றி ஓடும். முதல் சட்டத்துக்கு அது வேண்டாம், அசையாத புஷ்ஷே போதும்.

பிறகு, ஒட்டிய சட்டங்களைப் பிரித்து, இடையில் வைத்து இரண்டையும் இணைக்கும் குறுக்குத்தகடுகள். 16.5 மி.மீ. பாதையில் சக்கரங்களின் உட்பக்க இடைவெளி சுமார் 14.5 மி.மீ. இருக்கும், உங்கள் சக்கரத்தில் அளந்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சட்டத்தின் மொத்த அகலம் 12 மி.மீ. அருகில் இருந்தால் பக்கவாட்டு ஆட்டத்துக்கு இடம் கிடைக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொரு தகட்டை ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சால்டர் தொட்டு நிறுத்துங்கள். கல்லின்மேல் வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், எதிர்மூலை எழக் கூடாது. மூலைமட்டத்தைப் பக்கவாட்டில் சேர்த்துப் பாருங்கள். மேலிருந்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் முழுதாகச் சால்டர் ஓடவிடுங்கள், ஒரு மூலை, அப்புறம் அதற்கு எதிர்மூலை என்று மாறிமாறி.

சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பது இந்தச் சிறு நீளத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் முன் துளைகளிலும் பின் துளைகளிலும் புஷ் மாட்டி, ஒரு அடி நீளக் கம்பி ஒவ்வொன்றைச் செருகுங்கள். சட்டத்தைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கம்பி இன்னொன்றை மறைக்கிறதா என்று பாருங்கள். நுனியில் விலகித் தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. சால்டரைச் சூடாக்கி இப்போதே சரிசெய்யுங்கள். ஜிக் இந்த முறுக்கை எடுக்காது.

ஜிக்கில் ஏற்றுவது

கல்லின்மேல் இரண்டு சதுரக் கட்டைகளையும் இணையாக, சட்டம் நடுவே தொங்கும் அளவு இடைவெளியில் வையுங்கள். சட்டத்தின் உள்பக்கம் புஷ்ஷின் விளிம்பு இருக்கும்படி ஆறு புஷ்களையும் துளைகளில் வைத்து, போலி அச்சைச் செருகுங்கள். செருகும்போதே இரண்டு புஷ்களுக்கும் நடுவில் ஒரு பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கைக் கோத்துவிடுங்கள். அது இரு புஷ்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளிச் சட்டத்தோடு ஒட்டவைக்கும், உங்கள் இரண்டு கைகளும் சால்டருக்கு விடுதலையாகும். பிறகு சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, மூன்று அச்சுகளும் இரண்டு கட்டைகளின் மேல் குறுக்கே படுக்கும்படி இறக்குங்கள்.

ராடு தூரத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். மட்டத்தைப் பார்க்காது. ராடை நம்பிச் சால்டர் வைத்துவிட்டு, நடு அச்சு அரை மி.மீ. தூக்கி நிற்பதைப் பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. கட்டைகள்தான் மட்டத்துக்குப் பொறுப்பு. மூன்று அச்சும் இரண்டு கட்டையையும் தொட்டால், மூன்றும் ஒரே தளத்தில் இருக்கின்றன என்று பொருள். சட்டத்தின் ஓரம் அதே தளத்துக்கு இணையாக இருக்க, அதன் முன்னும் பின்னும் கீழே ஒரே விட்டமுள்ள டிரில் தண்டுகளையோ தகட்டுத் துண்டுகளையோ முட்டுக்கொடுங்கள்.

பின் அச்சிலிருந்து தொடங்குவது வழக்கம், மோட்டார் பெரும்பாலும் அங்கேதான் வரும். மூலைமட்டத்தின் ஒரு கையைச் சட்டத்தோடும் மறு கையை அச்சோடும் சேர்த்து, செங்குத்தாக இருப்பதை உறுதி செய்துவிட்டு இரண்டு புஷ்ஷையும் ஒவ்வொரு புள்ளியில் தொடுங்கள். முழுச் சுற்றுக்கும் சால்டர் விட வேண்டாம், இப்போது வேண்டாம். ஆறவிட்டு, அச்சு தடையில்லாமல் சுழல்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள்.

இப்போது இரண்டு பக்கமும் ராடை மாட்டுங்கள். நடு அச்சும் முன் அச்சும் அசைந்து தங்கள் இடத்துக்குப் போவது கண்ணில் தெரியும். இடதும் வலதும் ராடு ஒரே நீளம் என்பதால், பின் அச்சு செங்குத்தாக இருந்தால் மற்ற இரண்டும் தானாகவே அதற்கு இணையாகிவிடும். மூன்றும் கட்டையைத் தொடுகின்றனவா என்று மறுபடி பார்த்துவிட்டு நடு அச்சின் இடது புஷ், முன் அச்சின் வலது புஷ், நடு அச்சின் வலது, முன் அச்சின் இடது என்று புள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் சூடு குவிந்தால் சட்டம் விரிந்து நகரும். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே தேநீர் குடிக்கும் அளவு பொறுமை இருந்தால் நல்லது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அயர்ன் நுனியின் சூட்டை அது தின்றுவிடும்.

போலி அச்சோடு புஷ் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அச்சில் மெலிதாக எண்ணெய் தடவியிருந்தால் போதும், பென்சில் கரியும் தேய்க்கலாம். சால்டரைக் கடுகளவு வையுங்கள். ஃப்ளக்ஸை (சால்டர் பிடிப்பதற்காக உலோகத்தில் தடவும் பொருளை) வெளிப்பக்கம் மட்டும் தொடுங்கள், ஏனென்றால் ஃப்ளக்ஸ் போன வழியில்தான் சால்டர் போகும். ரேடியேட்டர் கடையில் தரும் ஆசிட் பித்தளையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வேலை முடிந்த அன்றே சட்டத்தைச் சோப்புத் தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, போலி அச்சுகளைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் துரு. ஜன்னல் திறந்திருக்கட்டும். சால்டரில் ஈயம் இருப்பதால் சாப்பிடும் முன் கை கழுவுங்கள்.

எல்லாப் புள்ளிகளும் ஆறியதும் ராடுகளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். தட்டாமல், இழுக்காமல் மாட்ட வந்தால் ஆறு புஷ்ஷுக்கும் சுற்றிலும் சால்டர் ஓட்டி முடிக்கலாம். இழுத்து மாட்ட வேண்டியிருந்தால் எந்தப் புஷ் காரணமோ அதை மட்டும் சூடாக்குங்கள், ராடு தானே அதை இடத்துக்குக் கொண்டுபோகும். ஒரே புள்ளியில் தொட்டு வைத்ததன் பயன் இங்கேதான்.

சக்கரம் போட்ட பிறகு

ராடின் துளைகளை இப்போது ரீமரால் சற்றே தளர்த்துங்கள். கிராங்க் பின்னைவிட 0.1 மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். கியர்பாக்ஸ் வைப்பதானால் அச்சைச் சட்டத்தில் செருகும்போதே அதையும் கோத்துவிட வேண்டும், சக்கரம் ஏறிய பிறகு வழியில்லை. ஆனால் கியரை அச்சோடு பிடிக்கும் திருகைத் தளர்வாகவே விட்டுவையுங்கள். மின்சாரம் அச்சுக்குப் போகாதபடி காப்பிட்ட சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வர வேண்டும்.

வலது கிராங்க் பின்னுக்கும் இடது கிராங்க் பின்னுக்கும் நடுவே கால் சுற்று, 90 டிகிரி. அது 88 ஆக இருந்தாலும் ஓடும், ஆனால் மூன்று அச்சிலும் அதே 88 ஆக இருக்க வேண்டும். முதலில் பின் அச்சையும் நடு அச்சையும் மட்டும் ராடால் இணைத்து உருட்டிப் பாருங்கள், சரியானால் மூன்றாவதைச் சேருங்கள்.

இறுக்கம் வந்தால் எங்கே வருகிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. ஒரு பக்கத்துக் கிராங்க் பின்கள் அச்சுகளின் அதே கோட்டில், நேர் முன்னேயோ நேர் பின்னேயோ நிற்கும்போது இறுகினால், ராடின் நீளமும் அச்சுத் தூரமும் ஒத்துப்போகவில்லை. அந்த நிலையில் சக்கரம் லேசாகத் திரும்பி விட்டுக்கொடுக்க வழியே இல்லாததால் பிழை முழுதும் அங்கே வெளிப்படும். அந்த இடங்களில் சுலபமாகப் போய், இடைப்பட்ட 45 டிகிரி நிலைகளில் மட்டும் இறுகினால் ராடு சரிதான், ஏதோ ஒரு அச்சில் கால் சுற்று பிசகியிருக்கிறது. அந்தச் சக்கரத்தை அச்சின்மேல் மயிரிழை திருப்பினால் தீரும். இது தெரியாமல் ராடின் துளையை அகலப்படுத்திக்கொண்டே போனால் இறுக்கம் போகும், கூடவே ஓட்டமும் கடகடவென்று ஆகிவிடும்.

மோட்டாரை இணைக்கும் முன் கண்ணாடித் துண்டு ஒன்றில் சட்டத்தை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். சக்கரங்கள் வழுக்காமல், தன் எடையிலேயே, இரண்டு திசையிலும் நிற்காமல் உருள வேண்டும். உருளாத சட்டத்தில் மோட்டாரை மாட்டி, ஓடி ஓடித் தானாகத் தளரும் என்று காத்திருப்பது மோட்டாரைச் சுடவைக்கும் வேலை. உருண்டுவிட்டால் கியரின் திருகை இறுக்குங்கள். பல்சக்கரங்களை நீங்களே பொருத்துவதானால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து அழுத்தி நிறுத்தி, மோட்டாரின் திருகுகளை முடுக்கியபின் காகிதத்தை உருவிவிடுங்கள். குறைந்த மின்னழுத்தத்தில் முன்னும் பின்னும் அரை மணி நேரம் ஓடவிட்டு, அச்சுகளுக்கு ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டால் மேற்கூட்டைத் தொடங்கலாம்.